பாடம் 11: எழுத்து தெரியுதா?

முதலில் இந்த உரையாடலை இரண்டு பேராகச் சேர்ந்து சத்தமாக வாசியுங்கள். ஒருவர் அம்மம்மா, மற்றவர் பேத்தி. அம்மம்மா யாழ்ப்பாணத்தில் இருக்கிறா. பேத்தி மொன்றியலில், நோத்ர-டாம்-த-கிரேஸில் இருக்கிறாள். நாங்கள் எல்லாரும் என்.டி.ஜி. என்று சொல்கிற அதே இடம்தான். இரண்டு பேரும் வீடியோவில் கதைக்கிறார்கள்.

அம்மம்மா: என்ன பிள்ளை, நான் அனுப்பின கதையை வாசிச்சியோ?

பேத்தி: இல்லை அம்மம்மா. தெரியேல்லை.

அம்மம்மா: தெரியாட்டி அம்மாட்டைக் கேளன். இல்லாட்டி நான் வாசிச்சுக் காட்டுறன்.

பேத்தி: இல்லை அம்மம்மா, எனக்கு எழுத்து தெரியும். ஆனா தெரியேல்லை!

அம்மம்மா: தெரியும் எண்டுறாய், தெரியேல்லை எண்டுறாய். என்னம்மா இது?

பேத்தி: டேப்லெட் குட்டி. எழுத்தும் குட்டி. கிட்டப் பிடிச்சா கண் நோகுது.

அம்மம்மா: ஓ, அப்பிடியோ! எனக்கும் அப்பிடித்தான். நான் கண்ணாடி போடுறன். நீ என்ன செய்யிறாய்?

பேத்தி: நான் வாசிக்காமல் விட்டிட்டன்.

கடைசி வரியை இன்னொரு தடவை வாசியுங்கள். இந்தப் பாடம் முழுவதும் அந்த வரியைப் பற்றித்தான்.

தமிழில் "தெரி" என்ற சொல் இரண்டு வேலை செய்கிறது. "எனக்குத் தமிழ் தெரியும்" என்றால் அது அறிவு. "எனக்கு மலை தெரிகிறது" என்றால் அது பார்வை. இரண்டுக்கும் "எனக்கு" என்றுதான் தொடங்குகிறோம், "நான்" என்று தொடங்குவதில்லை. பேச்சில் "தெரியும்", "தெரியாது" என்றால் பெரும்பாலும் அறிவைப் பற்றியது. "தெரியுது" என்றால் பெரும்பாலும் பார்வை. ஆனால் "தெரியவில்லை", பேச்சில் "தெரியேல்லை", இரண்டு பக்கமும் போகும். அதனால்தான் அம்மம்மா குழம்பினா.

அம்மம்மா மட்டுமா குழம்புகிறா? சிலவேளை பிள்ளைகளே குழம்பிவிடுகிறார்கள். ஒரு சின்னத் திரையில் தமிழ்ப் பக்கம் ஒன்றைத் திறக்கிறீர்கள். இரண்டு வரி வாசித்ததும் கண் களைக்கிறது, நெற்றி இறுகுகிறது. "தமிழ் கஷ்டம், எனக்குத் தெரியாது" என்று மூடி வைக்கிறீர்கள். உண்மையில் உங்களுக்குத் தமிழ் தெரியும். எழுத்துதான் தெரியவில்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகுவோம்.

தமிழ் எழுத்துக்கு இடம் வேண்டும்

ஆங்கிலம் அதே டேப்லெட்டில் நன்றாகத் தெரிகிறதே, தமிழ் மட்டும் ஏன் இப்படி என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. நான் கணினி மென்பொருள் எழுதுகிறவன். திரையில் எழுத்து என்பது சின்னச் சின்னப் புள்ளிகளால் வரைந்த ஒரு படம். ஆங்கில "ஐ" எழுத்துக்கு ஒரு நேர்க்கோடும் மேலே ஒரு புள்ளியும் போதும். எங்கள் "ணூ"வை விரலால் காற்றில் எழுதிப் பாருங்கோ. எத்தனை சுழி, எத்தனை வளைவு! இரண்டையும் ஒரே உயரமான பெட்டிக்குள் அடைத்தால் எது நெருக்குப்படும்?

அதோடு, தமிழில் மிகச் சின்னக் குறிகள் பெரிய வேலை செய்கின்றன. "க"வுக்கு மேலே ஒரு புள்ளி வந்தால் "க்". "கி"யின் கொம்பு நுனியில் ஒரு சின்னச் சுழி வந்தால் "கீ". இரண்டு சுழி "ன", மூன்று சுழி "ண". பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படிக்கும் உங்களுக்கு இது புதிது அல்ல. அங்கேயும் எழுத்தின் தலையில் இருக்கும் கோடு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்க வேண்டும்: அக்சான் எகுவா, அக்சான் கிராவா? தமிழில் அப்படிப்பட்ட குறிகள் ஒரு வரியிலேயே பத்து, பதினைந்து வரும்.

இன்னொரு விஷயம் எங்கள் சொற்களின் நீளம். "வாசித்துக்கொண்டிருக்கிறேன்" என்பது ஒரே சொல். எழுத்துகளை எண்ணினால் 13. சின்னத் திரையில் இந்த ஒரு சொல்லே அரை வரியைப் பிடித்துவிடும். வரிக்குள் நிறையச் சொல் அடங்க வேண்டும் என்று எழுத்தைச் சின்னதாக்கினால் புள்ளிகள் மறைந்துபோகும்.

புள்ளி இல்லாத தமிழ்

புள்ளி தெரியாமல் தமிழ் வாசிப்பது எப்படி இருக்கும்? உங்களுக்கு முன்பே பலர் அப்படி வாசித்திருக்கிறார்கள். பல நூறு வருடங்களாகத் தமிழ்ப் புத்தகங்கள் பனை ஓலையில்தான் இருந்தன. எழுத்தாணி என்ற கூர்மையான இரும்பு ஊசியால் ஓலையில் கீறி எழுதுவார்கள். ஓர் ஓலை நீளமாக இருக்கும், ஆனால் அகலம் உங்கள் உள்ளங்கையில் பாதியளவுதான். அந்த ஒடுக்கமான இடத்துக்குள் பல வரிகள். உங்கள் டேப்லெட்டைவிட அது சின்னத் திரை!

ஓலையில் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை. ஊசியால் குத்தினால் ஓலை கிழியும் என்பதை ஒரு காரணமாகச் சொல்வார்கள். சொற்களுக்கு நடுவே இடைவெளியும் விடமாட்டார்கள். "எ"கர ஒலிக்கும் "ஏ"கார ஒலிக்கும் ஒரே கொம்புதான். (இப்போது நாங்கள் போடும் இரட்டைச் சுழிக் கொம்பைப் பரப்பியவர் வீரமாமுனிவர். இத்தாலியிலிருந்து வந்த பாதிரியார். 1680இல் பிறந்து 1747இல் இறந்தவர்.) ஆகவே ஓலையில் "மன்னன்" என்பது "மனனன" என்று இருக்கும். அம்மம்மா என்னவாக இருப்பா என்று நினைக்கிறீர்கள்? "அமமமமா"!

யாழ்ப்பாணம் சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) இப்படிப்பட்ட ஓலைகளை வாசித்து, சரிபார்த்து, அச்சுப் புத்தகங்களாக வெளியிட்டார். தமிழ்நாட்டில் உ. வே. சாமிநாதையர் (1855–1942) அதே வேலையைச் செய்தார். 1887ஆம் ஆண்டில் தாமோதரம்பிள்ளை "கலித்தொகை"யை வெளியிட்டார். அதே ஆண்டில் சாமிநாதையர் "சீவக சிந்தாமணி"யை வெளியிட்டார். வீட்டில் மின்சார விளக்கு இல்லாத காலம் அது. ஓலையோ பழையது, பூச்சி அரித்தது, தொட்டால் ஒடிவது. அவர்கள் கண்கள் என்ன பாடு பட்டிருக்கும்!

ஆனால் ஓலைக்காரர்களும் சும்மா கஷ்டப்பட்டுக்கொண்டு இருக்கவில்லை. கீறின எழுத்து ஓலையின் நிறத்திலேயே இருக்கும், சரியாகத் தெரியாது. அதனால் விளக்குக் கரியை இலைச் சாற்றோடு குழைத்து ஓலைமேல் பூசித் துடைப்பார்கள். கரி கீறலுக்குள் மட்டும் தங்கும். வெளிர் ஓலையில் கறுப்பு எழுத்து பளிச்சென்று தெரியும். இதை மை ஆட்டுதல் என்பார்கள். நீங்கள் டேப்லெட்டில் வெளிச்சத்தைச் சரிசெய்வதும் கிட்டத்தட்ட இதே வேலைதான். எழுத்து தெரியவில்லை என்றால் கண்ணைக் குறை சொல்லாமல் பக்கத்தைச் சரிசெய்.

கண்ணுக்குள் என்ன நடக்கிறது?

கண்ணுக்குள் ஒரு வில்லை இருக்கிறது. அதைச் சுற்றி வளையம் போல ஒரு தசை. தூரத்தைப் பார்க்கும்போது தசை ஓய்வாக இருக்கும், வில்லை மெல்லியதாக இருக்கும். கிட்டப் பார்க்கும்போது தசை இறுகும், வில்லை தடிக்கும். அதோடு இரண்டு கண்களும் மூக்குப் பக்கமாகத் திரும்பவும் வேண்டும். நம்பாவிட்டால் ஒரு விரலை மூக்குக்கு நேரே மெல்ல மெல்லக் கொண்டுவந்து பாருங்கோ. இழுக்கிறது, இல்லையா?

இப்போது ஒரு கணக்கு. டேப்லெட்டை 30 சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்தால் கண் தசைக்கு ஓர் அளவு வேலை. எழுத்து தெரியவில்லை என்று 15 சென்டிமீட்டருக்குக் கொண்டுவருகிறீர்கள். எழுத்து இரண்டு மடங்கு பெரிதாகத் தெரியும், சரி. ஆனால் தசைக்கும் வேலை இரண்டு மடங்கு. அதற்குப் பதிலாக டேப்லெட்டை 30 சென்டிமீட்டரிலேயே வைத்து, எழுத்தின் அளவை இரண்டு மடங்கு ஆக்கினால்? எழுத்து அதே பெரிசு, கண்ணுக்கு வேலை பாதி. எனக்கு இந்தக் கணக்கு மிகவும் பிடிக்கும். ஏனென்றால் இதில் எந்த ஏமாற்றும் இல்லை!

சரியான தூரம் எது என்று அறிய அளவுகோல் தேவையில்லை. டேப்லெட்டை மேசையில் வையுங்கள். முழங்கையை அதன் பக்கத்தில் ஊன்றுங்கள். கையைப் பொத்திக் கன்னத்தில் முட்டுக் கொடுங்கள். முழங்கையிலிருந்து பொத்திய கை வரை உள்ள அந்தத் தூரம்தான் உங்கள் வாசிப்புத் தூரம். வளர வளரக் கையும் நீளும், தூரமும் கூடும்.

அந்தத் தூரத்தில் இருந்தபடியே புள்ளிச் சோதனை செய்யுங்கள். (இது நான் வைத்த பெயர்.) திரையில் "பக்கம்" என்ற சொல்லைத் தேடுங்கள். அதில் இரண்டு புள்ளிகள் இருக்கின்றன. கண்ணைச் சுருக்காமல், குனியாமல் இரண்டும் தெரிகிறதா? தெரியாவிட்டால் அமைப்புகளுக்குப் போய் எழுத்தின் அளவை ஒரு படி கூட்டுங்கள். திரும்பவும் பாருங்கள். இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கலாமே என்பீர்கள். ஒரு சொல்லைப் பார்க்க அது போதும். கதை வாசிக்க அது சரிவராது. பல பக்கங்களில் வரி திரைக்கு வெளியே ஓடிவிடும், பக்கத்தை இடமும் வலமும் இழுத்து இழுத்தே களைத்துப்போவீர்கள். அமைப்பில் அளவைக் கூட்டினால் வரிகள் தாமாக மடிந்து திரைக்குள் வரும். ஒரு வரியில் மூன்று சொல்தான் நின்றாலும் பரவாயில்லை. சில பிள்ளைகள் "பெரிய எழுத்து சின்னப் பிள்ளைகளுக்குத்தான்" என்று வெட்கப்படுவார்கள். நான் வேலையில் பெரிய எழுத்துதான் வைத்திருக்கிறேன், எனக்கு 37 வயது.

வெளிச்சத்துக்கு ஒரு வெள்ளைக் கடதாசி போதும். அதை டேப்லெட்டுக்குப் பக்கத்தில் பிடியுங்கள். திரை கடதாசியைவிட விளக்கு மாதிரி எரிந்தால் வெளிச்சம் கூட. சாம்பல் மாதிரி மங்கினால் குறைவு. ஜன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் அது கண்ணாடியில் விழுந்து எழுத்தை மறைக்கும், பக்கவாட்டில் இருக்கும்படி உட்காருங்கள். இரவில் போர்வைக்குள் வாசிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: உங்களை எனக்குத் தெரியும். "தெரியும்" என்பதன் முதல் கருத்தில்!

105 பஸ்ஸில் ஷேர்புரூக் தெரு வழியாக வரும்போது வாசிக்கலாமா? பஸ் குலுங்கக் குலுங்க எழுத்தும் குலுங்கும், கண் துரத்திக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் கதையைக் காதால் கேளுங்கள்.

இமைக்க மறக்கிறோம்

ஒரு நிமிடத்தில் நாங்கள் சாதாரணமாக ஏறக்குறைய 15 தடவை இமைக்கிறோம். ஒவ்வொரு இமைப்பும் கண்ணைக் கண்ணீரால் துடைத்து ஈரமாக்கும். திரையை உற்றுப் பார்க்கும்போது அது பாதியாகவும், சிலருக்கு அதைவிடக் குறைவாகவும் ஆகிவிடும். கண் காயும், எரியும், எழுத்து மங்கும். மொன்றியல் குளிர்காலத்தில் வீட்டுச் சூடாக்கி காற்றையும் உலர்த்திவிடும். அதனால் ஜனவரியில் கண் கூட எரிவது உங்கள் கற்பனை அல்ல.

கண் மருத்துவர்கள் சொல்லும் ஒரு பழக்கம் இருக்கிறது: 20 நிமிடத்துக்கு ஒரு தடவை, 20 அடிக்கு அப்பால், 20 விநாடி பாருங்கள். 20 அடி என்றால் 6 மீட்டர். வீட்டுக்குள் அவ்வளவு தூரம் கிடைக்காது. ஜன்னலுக்குப் போங்கள். எதிர்வீட்டு வெளிப் படிக்கட்டில் எத்தனை படி? மேப்பிள் மரத்தில் அணில் இருக்கிறதா? எண்ணிக்கொண்டே நன்றாக இமையுங்கள். 20 விநாடி போய்விடும், தசையும் ஓய்ந்துவிடும்.

இந்தக் களைப்பு ஓய்வெடுத்தால் போய்விடும். திரை வெளிச்சம் கண்ணைக் குருடாக்கிவிடும் என்று யாராவது வெருட்டினால் பயப்பட வேண்டாம், அதற்கு ஆதாரம் இல்லை. யோசிக்க வேண்டிய விஷயம் வேறு. நாள் முழுக்கக் கிட்டவே பார்த்து, வெளியே போகாமல் இருக்கும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்புக் கூடுகிறது. கிட்டப்பார்வை என்றால் கிட்ட இருப்பது தெரியும், தூரத்தில் இருப்பது மங்கும். சீனாவில் குவாங்சோ என்ற நகரத்தில் 12 பள்ளிக்கூடங்களில் முதலாம் வகுப்புப் பிள்ளைகளை 3 வருடம் கவனித்தார்கள். பாதிப் பள்ளிகளில் ஒவ்வொரு பள்ளி நாளும் 40 நிமிடம் கூடுதலாகப் பிள்ளைகளை வெளியே விட்டார்கள். 2015இல் முடிவு வெளியானது. வெளியே போன பிள்ளைகளில் 100 பேருக்கு ஏறக்குறைய 30 பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது. மற்றப் பள்ளிகளில் ஏறக்குறைய 40 பேருக்கு. மருந்து இல்லை, கண்ணாடி இல்லை, வெறும் பகல் வெளிச்சம்!

டிசம்பரில் எங்களுக்கு இது லேசு அல்ல. நாலேகாலுக்கெல்லாம் சூரியன் போய்விடும். பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றும்போது இருட்டிவிடும். ஆகவே மதிய இடைவேளையை விடாதீர்கள். சனி ஞாயிறில் என்.டி.ஜி. பூங்காவிலோ பெனி பூங்காவிலோ பனியில் உருளுங்கள். "குளிருது, உள்ளே இரு" என்று வீட்டில் சொன்னால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். தொப்பியும் கையுறையும் போட்டுவிட்டுக் காட்டுங்கள்.

சொல்ல வேண்டிய நேரம்

எழுத்தைப் பெரிதாக்கியும், தூரத்தில் வைத்தும், ஓய்வெடுத்தும் இன்னும் தெரியவில்லையா? அடிக்கடி தலையிடிக்கிறதா? ஓர் எழுத்து இரண்டாகத் தெரிகிறதா? வகுப்புப் பலகையை வாசிக்கக் கண்ணைச் சுருக்குகிறீர்களா? அப்படியானால் அம்மா அப்பாவிடம் சொல்லுங்கள். தூரத்தில் எல்லாம் தெளிவாகத் தெரியும் பிள்ளைக்கும் கிட்டப் பார்ப்பது கஷ்டமாக இருக்கலாம். அதை வெளியிலிருந்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. உங்கள் கண்ணால் பார்ப்பது நீங்கள் மட்டும்தான். தமிழ் வகுப்பில் வாசிக்கச் சொல்லும்போது தடுமாறுகிற பிள்ளையை "இவளுக்குத் தமிழ் வராது" என்று பெரியவர்கள் முடிவு கட்டிவிடக்கூடும். பிள்ளையும் அதை நம்பிவிடும்.

சொல்லும்போது வெறும் "தெரியேல்லை" என்று சொல்லாதீர்கள். "எழுத்து மங்கலாத் தெரியுது", "கிட்டப் பிடிச்சா கண் நோகுது", "பலகையில இருக்கிறது தெரியேல்லை" என்று முழுதாகச் சொல்லுங்கள். அப்போது குழப்பம் வராது.

கியூபெக்கில் 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளின் கண் பரிசோதனைச் செலவை மாகாண மருத்துவக் காப்புறுதி ஏற்றுக்கொள்கிறது. உங்கள் கார்ட் சொலெயை, அதாவது அந்தச் சூரிய அட்டையைக் கொண்டுபோனால் சரி. கண்ணாடி வாங்கும் செலவிலும் ஒரு பகுதியை 2019 செப்டம்பர் முதல் மாகாணம் திருப்பித் தருகிறது. கனடாவில் கண் பரிசோதகர்களைப் பயிற்றும் பள்ளிகள் இரண்டுதான். ஒன்று ஒன்ராறியோவில் வாட்டர்லூவில். மற்றது எங்களுக்குப் பக்கத்தில், கோட்-டெ-நேஜில், மொன்றியல் பல்கலைக்கழகத்தில். இதை வீட்டில் வாசித்துக் காட்டுங்கள், சில பெற்றோருக்கு இது தெரியாது.

புதிய சொற்கள்

வில்லை – கண்ணுக்குள் இருக்கும், ஒளியை வளைக்கும் தெளிவான பகுதி
இமைத்தல் – கண்ணைச் சட்டென்று மூடித் திறத்தல்
எழுத்தாணி – ஓலையில் கீறி எழுதும் கூரான கருவி
ஒடுக்கம் – அகலம் குறைவு
மங்கல் – தெளிவில்லாமல் இருப்பது

பயிற்சி

1. இவை ஓலையில் இருந்த சொற்கள் என்று வைத்துக்கொள்வோம். புள்ளி வைத்து எழுதுங்கள்: கணணாடி, பளளிககூடம, வெளிசசம, எழுதது, கண.

2. கீழே உள்ள வரிகளில் "தெரி" அறிவா, பார்வையா? இரண்டுமாக இருக்கக்கூடிய வரி எது?
அ. எனக்கு நீந்தத் தெரியும்.
ஆ. பனி கொட்டுது, ரோட்டே தெரியேல்லை.
இ. அவனுக்குப் பிரெஞ்சு தெரியாது.
ஈ. இந்த எழுத்து எனக்குத் தெரியேல்லை.

3. உங்கள் அம்மம்மாவோ அப்பப்பாவோ கைபேசியில் எந்த அளவு எழுத்து வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். அவர்களுடைய கைபேசியில் புள்ளிச் சோதனை செய்து, தேவையானால் அளவைக் கூட்டிக் கொடுங்கள். என்ன நடந்தது என்று ஐந்து வரி எழுதி வாருங்கள்.